ஆன்லைன் போக்கருக்கு அரசு உரிமம் தேவையா? கல்லாப் பக்கம் நின்று ஒரு பதில்

பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமான போக்கரை ஆன்லைனில் ஆடும் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "போக்கரில் தளம் நமக்கு எதிராக ஆடுவதில்லை. ஆடுவது நாம்தான், தளத்துக்குக் கமிஷன் மட்டும். யார் ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான் என்னும்போது அது ஏன் ஏமாற்றப் போகிறது? ஏமாற்றினால் ஆட்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு எதற்கு உரிமம், ஒழுங்குமுறை, அரசாங்கம் எல்லாம்? வரி வாங்கத்தானே?" கூடவே, தான் ஆடும் தளத்தின் அடியில் ஒரு உரிம முத்திரை இருப்பதாகவும், அது போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

உரிமமும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும் என்பது என் பதில். ஆனால் "ஆமாம்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர முடியாது. இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய மோசடிகள் எல்லாம் உரிமம் வைத்திருந்த தளங்களில்தான் நடந்தன. அதைச் சொல்லாமல் உரிமத்துக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது. கணக்குத் தணிக்கை என் தொழில். ஆறேழு வருடம் மாலை நேரங்களில் போக்கரும் ஆடியிருக்கிறேன், பெரிதாக ஜெயித்ததும் இல்லை, பெரிதாக இழந்ததும் இல்லை. ஆகவே நான் இதைச் சீட்டுப் பக்கமிருந்து பார்ப்பதைவிடக் கல்லாப் பக்கமிருந்து பார்ப்பதுதான் அதிகம்.

முதலில் உங்கள் வாதத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஆட்டத்தில் நடுவில் 100 டாலர் சேர்ந்தால் தளம் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் மூன்று நான்கு டாலர் என்று ஒரு உச்சவரம்பு இருக்கும். இதைத்தான் ரேக் என்கிறோம். மீதி ஜெயித்தவருக்கு. சூதாட்ட விடுதியின் ஸ்லாட் இயந்திரத்திலோ ரூலெட் சக்கரத்திலோ நீங்கள் இழக்கும் ஒவ்வொரு காசும் கடைக்காரருக்குப் போகிறது. போக்கரில் அப்படி இல்லை. சீட்டைத் திருப்பிப் போட்டு உங்களைத் தோற்கடிப்பதால் தளத்துக்குத் தம்பிடி லாபம் கிடையாது. ஆட்டம் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. "இந்தத் தளம் எனக்கு வேண்டுமென்றே மோசமான சீட்டு போடுகிறது" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஆட்டம் தெரியாமல் தோற்றவர்கள்தான்.

ஆனால் இந்த வாதம் சீட்டோடு நின்றுவிடுகிறது. நேரில் உட்கார்ந்து ஆடும் மேசையில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் உங்கள் சிப்ஸ் வில்லைகள் உங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும். எழுந்திருக்கும்போது காசாக மாற்றிக்கொண்டு போய்விடுவீர்கள். ஆன்லைனில் அப்படியா செய்கிறோம்? இன்று 200 டாலர் போடுகிறோம், அது 340 ஆகிறது, அப்படியே விட்டுவிட்டு அடுத்த வாரம் வருகிறோம். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், பணம் அங்கேயே கிடக்கிறது. திரையில் தெரியும் 340 என்பது பணம் இல்லை. "உங்களுக்கு நாங்கள் 340 டாலர் தர வேண்டியிருக்கிறது" என்று ஒருவர் எழுதி வைத்திருக்கும் வரி அது. லட்சக்கணக்கான பேர் இப்படி வைத்திருக்கும்போது அந்த நிறுவனம் கிட்டத்தட்ட ஒரு வங்கி ஆகிவிடுகிறது. வங்கிக்கான சட்டம் எதுவும் அதன்மேல் இல்லை. ரேக் வாங்கிப் பிழைக்கிறவனுக்குச் சீட்டில் ஆசை இல்லாமல் இருக்கலாம். பக்கத்திலேயே திறந்து கிடக்கும் கல்லாவின் மேல் ஆசை வராது என்று எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இதற்கு ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளத்தின் கதையைவிடப் பொருத்தமானது கிடையாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் எல்லா முடிச்சுகளும் அதில் இருக்கின்றன.

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய தளங்களை நடத்தியவர்கள் மீது நியூயார்க்கில் அமெரிக்க அரசு வழக்குரைஞர் தொடுத்த குற்றப்பத்திரிகை வெளியானது. இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. தளத்துக்குப் போனவர்களுக்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் முத்திரை போட்ட அறிவிப்புதான் தெரிந்தது. போக்கர் ஆடுபவர்கள் அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்பார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் எழுந்த கேள்வி ஒன்றே: என் பணம் என்ன ஆகும்?

போக்கர்ஸ்டார்ஸ் சில வாரங்களுக்குள் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கிவிட்டது. ஃபுல் டில்டிலிருந்து வார்த்தைகள் மட்டுமே வந்தன. செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை கணக்கை வெளியிட்டபோதுதான் காரணம் புரிந்தது. 2011 மார்ச் 31 நிலவரப்படி ஃபுல் டில்ட் உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் இயக்குநர்களும் பங்குதாரர்களும் பிரித்துக்கொண்டதாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 44 கோடியே 40 லட்சம். அந்தப் பங்குதாரர்களில் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்து ரசித்த போக்கர் நட்சத்திரங்களும் உண்டு. "உங்கள் பணம் பத்திரமாக, தனிக் கணக்கில் இருக்கிறது" என்று தளம் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் எனக்குத் தொழில்முறையில் மிகவும் சுவாரசியமான பகுதி, அவர்கள் பொய் வரவு வைத்த விதம். ஒருவர் தன் வங்கியிலிருந்து 200 டாலர் போடுவதாக அழுத்துகிறார். உடனே அவர் கணக்கில் 200 தெரிகிறது. ஆனால் அவர் வங்கியிலிருந்து அந்தப் பணத்தை எடுத்துக்கொடுக்க வேண்டிய இடைத்தரகர் நிறுவனம் கையில் இல்லை, ஆகவே பணம் வரவே இல்லை. தளம் அதை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அவர் இல்லாத அந்த 200-ஐ வைத்து ஆடி, இன்னொருவரிடம் தோற்கிறார். ஜெயித்தவர் அதை வெளியே எடுக்கிறார், இது நிஜப் பணம். யாருடையது? மூன்றாவதாக ஒருவர் முன்பு எப்போதோ போட்டது. இப்படியே சேர்ந்த பள்ளம் மட்டும் சுமார் 13 கோடி டாலர். மேசையில் சீட்டு நேர்மையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது, கவனியுங்கள். கலைத்துப் போட்டதில் ஒரு குறையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"ஏமாற்றினால் ஆட்கள் போய்விடுவார்கள்" என்றீர்கள். போகவில்லையே! பணம் எடுக்கக் கேட்டவருக்கெல்லாம் அதுவரை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கல்லா காலியாவது கடைசி நாள்வரை வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. சாப்பாடு கெட்டுப்போனால் வாசனையில் தெரியும், இருப்பு நிலைக்கணக்கு கெட்டுப்போனால் வாசனை வராது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணும் அதிகாரம் வெளியாள் ஒருவருக்கு இருந்தால் மட்டுமே தெரியும். அந்த அதிகாரத்துக்குத்தான் ஒழுங்குமுறை என்று பெயர்.

இப்போது நீங்கள் மடக்குவீர்கள் என்று தெரியும்: ஃபுல் டில்டுக்கு உரிமம் இருந்ததே! இருந்தது. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஆல்டர்னி என்ற சிறு தீவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் கொடுத்தது. கறுப்பு வெள்ளி நடந்து பத்து வாரம் கழித்து, ஜூன் 29 அன்று, அந்த ஆணையம் உரிமத்தை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் ரத்து செய்தது. நிறுத்திய அன்று உலகம் முழுக்க மேசைகள் மூடப்பட்டன. வேறு நாடுகளில் இருந்தவர்களின் பணமும் மாட்டிக்கொண்டது. போக்கர்ஸ்டார்ஸுக்கு உரிமம் கொடுத்திருந்தது ஐல் ஆஃப் மேன் தீவு. அதுவும் சின்னத் தீவுதான். ஆனால் ஆட்டக்காரர் பணத்தை நிறுவனப் பணத்தோடு கலக்காமல் பிரித்து வைக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இருந்தது. போக்கர்ஸ்டார்ஸை மகான் என்று சொல்ல வரவில்லை, அதே குற்றப்பத்திரிகையில் அதன் பெயரும் இருந்தது. 2012 ஜூலையில் அந்நிறுவனம் 73 கோடியே 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, ஃபுல் டில்டையே வாங்கி, வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அமெரிக்கா அல்லாத ஆட்டக்காரர்களுக்கு அந்த ஆண்டு நவம்பரில் பணம் கைக்கு வந்தது. அமெரிக்கர்களுக்கு 2014 பிப்ரவரியில்தான் வரத் தொடங்கியது, கிட்டத்தட்ட மூன்று வருடம். இரண்டு தளங்களுக்கும் உரிமம் இருந்தது. ஒன்றில் பெட்டி தனியாக இருந்தது, இன்னொன்றில் இல்லை. உரிமச் சான்றிதழைவிட, அதன் அடியில் எழுதியிருக்கும் நிபந்தனைதான் எனக்கு முக்கியம்.

கல்லாவுக்கு அடுத்த ஆபத்து, உள்ளே இருக்கும் ஆள். தளத்துக்கு நம்மைத் தோற்கடிக்க ஆசை இல்லை, சரி. தளத்தில் வேலை பார்க்கிறவருக்கு?

2007 செப்டம்பரில் அப்சல்யூட் போக்கரில் 1,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டி ஒன்று நடந்தது. பாட்ரிப்பர் என்ற பெயரில் ஆடியவர் ஜெயித்தார். கடைசிக் கையில் வெறும் பத்தை மட்டும் பெரிய சீட்டாக வைத்துக்கொண்டு எதிராளியின் மொத்தப் பந்தயத்துக்கும் "சரி, காட்டு" என்றார். எதிராளியிடம் ஒன்பதுதான் இருந்தது. சீட்டு தெரியாமல் அந்த இடத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். இரண்டாவதாக வந்தவர் சந்தேகப்பட்டு, போட்டியின் ஆட்ட வரலாற்றைக் கேட்டார். வழக்கமாக நாம் கேட்டால் நம் சீட்டு மட்டும் இருக்கும் கோப்பு வரும். அவருக்கு வந்தது பல்லாயிரம் வரிகள் கொண்ட ஒரு எக்செல் கோப்பு. எல்லாருடைய மறைசீட்டும், அதாவது வைத்திருப்பவர் மட்டுமே பார்க்க வேண்டிய சீட்டும், அதில் இருந்தது. மேசையை வேடிக்கை பார்த்தவர்களின் விவரமும், இணைய இணைப்பு எண்களும்கூட இருந்தன. யாரோ தவறி அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் சிலர் உட்கார்ந்து அந்தக் கோப்பை வரி வரியாகப் பிரித்தார்கள். போட்டி தொடங்கிச் சிறிது நேரத்தில் 363 என்ற எண்ணுள்ள ஒரு பார்வையாளர் பாட்ரிப்பரின் மேசைக்கு வருகிறார். அதற்குமுன் சீட்டைக் கீழே வைத்துக்கொண்டிருந்த பாட்ரிப்பர் அதற்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாக் கையும் ஆடுகிறார், எதிராளியிடம் பெரிய சீட்டு இருக்கும்போது மட்டும் விலகுகிறார். மேசை மாறினால் பார்வையாளரும் கூடவே மாறுகிறார். 363 என்பது தளம் தொடங்கிய காலத்து எண், அதாவது உள்ளிருந்தவர்களின் கணக்கு. எல்லார் சீட்டையும் பார்க்கும் வசதி அதற்கு இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அடுத்த வருடமே சகோதரத் தளமான அல்டிமேட்பெட்டில் இதே போன்ற விவகாரம் வெளியே வந்தது. அங்கே இது சில ஆண்டுகளாக நடந்திருந்தது. மாண்ட்ரியல் அருகே மோஹாக் பழங்குடியினர் நிலத்தில் இயங்கும் கானவாகே ஆணையம்தான் இரண்டுக்கும் உரிமம் கொடுத்தது. அப்சல்யூட்டுக்கு 5 லட்சம் டாலரும், அல்டிமேட்பெட்டுக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் போட்டது. ஆட்டக்காரர்களுக்கு 2 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வைத்தது. ஆனால் உரிமத்தைப் பறிக்கவில்லை. ஆணையம் தானாக எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை, ஆட்டக் கணக்குகளிலிருந்து ஆட்டக்காரர்கள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் ஆணையத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. உரிமமே இல்லாத தளமாக இருந்தால் அந்த எக்செல் கோப்பை எடுத்துக்கொண்டு யார் கதவைத் தட்டியிருப்பார்கள்? ஆனால் அதைவிட முக்கியமானது முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய வேலை. ஆட்டம் நடக்கும்போது மறைசீட்டைக் காட்டும் வசதி மென்பொருளில் இருக்கவே கூடாது. சர்வரில் யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். ஊழியர்கள் சொந்தத் தளத்தில் ஆடக் கூடாது. நிதி நிறுவனங்களில் இதெல்லாம் சாதாரணத் தணிக்கைப் பட்டியல். நல்ல ஒழுங்குமுறை அமைப்புகள் இன்று இவற்றைக் கேட்கின்றன.

சீட்டு கலைப்பது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேர்மையானவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1998-இல் தொடங்கிய பிளானட் போக்கர்தான் நிஜப் பணத்துக்கு ஆடிய முதல் ஆன்லைன் தளம். அதன் மென்பொருளை எழுதியவர்கள், தாங்கள் எவ்வளவு நியாயமாகச் சீட்டு கலைக்கிறோம் என்று காட்டுவதற்காக அந்த நிரலையே பொதுவில் வெளியிட்டிருந்தார்கள். 1999-இல் மென்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் அதைப் படித்துப் பார்த்தார்கள். 52 சீட்டை அடுக்கக்கூடிய வகைகள் எட்டுக்குப் பின்னால் 67 பூஜ்யம் போட்ட எண்ணுக்கு நெருக்கமானவை. அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்ற எண்ணிலிருந்து கலைக்கத் தொடங்கியது. ஒரு நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிதான். தங்கள் கணினிக் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்ததும் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. தங்கள் இரண்டு சீட்டும், நடுவில் விழுந்த மூன்று சீட்டும் தெரிந்தால் போதும், மேசையில் எல்லார் கையும், இனி வரப்போகும் சீட்டும் திரையில் வந்துவிட்டன. அவர்கள் நல்லவர்கள், பணம் பறிக்காமல் குறையை வெளியே சொன்னார்கள். இப்போது உரிமம் கேட்கும் தளம் தன் சீட்டு கலைக்கும் முறையைத் தனிப் பரிசோதனைக் கூடம் ஒன்றிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி.

திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற விவாதத்தில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. 2012-இல் நியூயார்க் நீதிபதி ஒருவர் போக்கரில் திறமையே மேலோங்குகிறது என்று விரிவான தீர்ப்பு எழுதினார், அடுத்த வருடம் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. தளத்தைக் கண்காணிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இது எதுவும் பதிலாகாது. அடுத்தவர் பணத்தை வாங்கி வைத்திருக்கிறாயா, கணக்கைக் காட்டு, அவ்வளவுதான்.

"தடை செய்துவிட்டால் தொல்லை விட்டதே" என்பவர்களுக்கு 2006-ஐ நினைவுபடுத்துவேன். அந்த அக்டோபரில் அமெரிக்கா, இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகள் பணம் அனுப்புவதைத் தடுக்கும் சட்டத்தைத் துறைமுகப் பாதுகாப்பு மசோதாவோடு சேர்த்து நிறைவேற்றியது. அப்போது உலகிலேயே பெரிய போக்கர் தளத்தை நடத்திய பார்ட்டிகேமிங், லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். கணக்கைக் காட்ட வேண்டிய கட்டாயம் உள்ள நிறுவனம் என்பதால் உடனே அமெரிக்காவை விட்டு வெளியேறியது. அதன் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. ஆடுபவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்களா? இல்லை, மிச்சமிருந்த தளங்களுக்கு மாறினார்கள். யார் மிச்சம்? மேலே சொன்னவர்கள்தான். அந்தச் சட்டத்தால் வங்கிகள் விலக, பணம் எடுத்துக்கொடுக்கும் இடைத்தரகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஃபுல் டில்ட் வராத பணத்தை வரவு வைத்தது. பொய் 200-இன் வேர் அங்கே இருக்கிறது. சட்டத்தை மதிக்கும் கடையை மூடவைத்து, மதிக்காத கடைக்குக் கூட்டத்தை அனுப்பிய சட்டம் அது.

ஆஸ்திரேலியா 2017-இலும், திறமை அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் இந்தியா 2025 ஆகஸ்டிலும் தடைக்குப் போயின. அரசுகளை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கடன்பட்டு நாசமான குடும்பங்களின் கண்ணீர் அவர்கள் வாசலுக்குத்தான் வருகிறது. புதிதாக ஒருவர் இதில் விழுவதைத் தடை குறைக்கும் என்பதை மறுக்கவும் முடியாது. ஆனால் தடைக்குப் பிறகும் ஆடுகிறவர் யாரென்று யோசித்துப் பாருங்கள். விட முடியாதவர்தான். ஆபத்து அதிகமுள்ள அந்த ஆளைத்தான், கேட்க நாதியற்ற வெளிநாட்டுத் தளத்திடம் தடை ஒப்படைக்கிறது.

விட முடியாமல் ஆடுவது பற்றி நானே பார்த்த ஒன்று. பெயர் வேண்டாம், பல வருடத்துக்கு முன் ஒரு தளத்தில் 600 டாலர் எடுக்க விண்ணப்பித்தேன். "பரிசீலனையில்" என்று மஞ்சள் நிறத்தில் வந்தது. பக்கத்திலேயே பெரிய பச்சைப் பொத்தான்: விண்ணப்பத்தை ரத்து செய்து, பணத்தை மேசைக்குத் திருப்பு. மூன்று நாள் பரிசீலனை. மூன்றாவது நாள் ராத்திரி தூக்கம் வராமல் அந்தப் பச்சையை அழுத்தினேன். விடியும்போது 600-இல் 90 மீதி. போடுவதற்கு ஒரு நொடி, எடுப்பதற்கு மூன்று நாள், நடுவில் பச்சைப் பொத்தான். கைதேர்ந்த ஆள் உட்கார்ந்து யோசித்த வடிவமைப்பு அது. பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையம் 2020-இல் இப்படித் திருப்பிவிடும் வசதியைக் கொடுக்க வேண்டாம் என்று தளங்களுக்குச் சொன்னது. போட்டி நிறைந்த சந்தையில் எந்தத் தளமும் தானாக அந்தப் பொத்தானை எடுத்துவிடாது.

சுயவிலக்கும் இப்படித்தான். "ஒரு வருடத்துக்கு என்னை உள்ளே விடாதே" என்று ஒரு தளத்திடம் எழுதிக் கொடுத்தால், ராத்திரி இரண்டு மணிக்கு இன்னொரு தளத்தில் கணக்குத் திறக்க ஐந்து நிமிடம் போதும். எல்லாத் தளங்களையும் ஒரே பட்டியலில் கட்டிப்போட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற பட்டியலில் சேருவது 2020 மார்ச் முதல் எல்லா ஆன்லைன் உரிமதாரர்களுக்கும் கட்டாயம். தனித்தனித் தளங்களின் நல்ல மனசால் இது நடக்காது. கறுப்புப் பணத்தை வெளுக்க ஒருவர் வேண்டுமென்றே இன்னொரு கணக்கிடம் தோற்றுப் பணத்தைத் தள்ளிவிடும் வேலைக்கும் இதுவே பொருந்தும். ஆள் அடையாளம் சரிபார்க்கக் கட்டாயம் இல்லாவிட்டால் அதைப் பிடிக்கவே முடியாது.

உரிமத்தால் ஆகாத காரியமும் உண்டு. தானாக ஆடும் பாட் நிரல்களை எந்த ஆணையத்தாலும் மேசையில் பிடிக்க முடியாது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் ஜெயித்தது. 2019-இல் வந்த புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் ஜெயித்தது, அதைப் பயிற்றுவிக்க ஆன கணினிச் செலவு 150 டாலருக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். இன்று பக்கத்துத் திரையில் ஒரு நிரல் "ஏற்று, விலகு" என்று ஓதிக்கொண்டிருப்பதைத் தளத்தின் பாதுகாப்புப் பிரிவுதான் ஆட்டப் போக்கை வைத்து மோப்பம் பிடிக்க வேண்டும். பிடித்த பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்களா என்று கேட்கும் இடத்தில்தான் ஆணையம் வரும்.

மோசமான ஒழுங்குமுறை ஆட்டத்தையே கொன்றுவிடும் என்பதும் உண்மை, இங்கே நான் உங்கள் கட்சி. போக்கருக்குக் கடை இருந்தால் போதாது, எதிரே உட்கார ஆள் வேண்டும். பிரான்ஸ் 2010-இல் உரிமம் கொடுத்தபோது தன் நாட்டு ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மட்டுமே ஆடும்படி தனி வேலி போட்டது, வரியை லாபத்தில் போடாமல் மேசையில் வைக்கும் பந்தயத்தின் மேலேயே போட்டது. ஸ்பெயினும் இத்தாலியும் அவரவருக்கு வேலி. மேசைகள் காய்ந்தன. 2017 ஜூலையில் இந்த மூன்றும் போர்ச்சுகலும் ஆட்டக்காரர்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. பிரான்ஸும் ஸ்பெயினும் 2018 ஜனவரியில் ஒரே மேசையில் உட்கார்ந்தன, போர்ச்சுகல் அந்த மே மாதம் சேர்ந்தது. அமெரிக்காவில் முதல் சட்டபூர்வத் தளமான அல்டிமேட் போக்கர் 2013 ஏப்ரல் 30 அன்று நெவாடாவில் தொடங்கியது. ஒரு சின்ன மாநிலத்து ஜனத்தொகையை வைத்து எத்தனை மேசை நிரப்புவது? 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். வேலியும் அதிக வரியும் சேர்ந்தால், உரிமம் உள்ள தளத்தில் ரேக் கூடும், மேசை குறையும், ஜனங்கள் மறுபடி உரிமம் இல்லாத இடத்துக்கே போவார்கள்.

இனி உங்கள் முத்திரைக்கு வருகிறேன். முதலில், எந்த நாட்டு ஆணையம், எந்த நிறுவனத்தின் பெயரில் என்று பாருங்கள். ஆணையத்தின் சொந்தப் பதிவேட்டில் அந்த நிறுவனத்தைத் தேடுங்கள், தளம் கொடுக்கும் இணைப்பை நம்ப வேண்டாம். கரீபியன் கடலில் உள்ள கராசாவ் தீவில் நெடுங்காலம் ஒரு சில முதன்மை உரிமதாரர்கள் கிளை உரிமங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் புதுச் சட்டம் வந்துதான் அந்த முறை மாறியது. அந்தப் பழைய கிளை உரிம எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும் தளம் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். பிறகு, உங்கள் பணம் எப்படி வைக்கப்படுகிறது என்ற ஷரத்தைத் தேடிப் படியுங்கள். கறாரானது என்று பெயரெடுத்த பிரிட்டனில்கூட, நிறுவனம் திவாலானால் ஆட்டக்காரர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதைத் தளம் வெளிப்படையாகச் சொன்னால் போதும், "பாதுகாப்பு இல்லை" என்பதும் அனுமதிக்கப்பட்ட பதில்தான். உயர் பாதுகாப்பு என்றால் பணம் சட்டப்படி தனி அறக்கட்டளைக் கணக்கில் இருக்கும், வெளியாள் சரிபார்ப்பார். இந்த ஒரு வரியை ஆடுபவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

நீங்கள் சொன்ன தளத்தின் அடிப்பகுதியில் இருக்கும் முத்திரையை நானும் அழுத்திப் பார்த்தேன். எங்கும் போகவில்லை, அது வெறும் படம். அதில் உள்ள உரிம எண்ணுக்கு நேரே நிறுவனத்தின் பெயர் இல்லை, விதிமுறைப் பக்கத்தில் ஆட்டக்காரர் பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் பணம் எவ்வளவு அங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும் இன்றைக்கே பாதியை எடுக்க விண்ணப்பியுங்கள், வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வையுங்கள். பச்சைப் பொத்தான் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.